பால்கனித் திணை: தில்லித் தொட்டிகளில் அயல்மலர் வளர்ப்பு குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நிலத்தைப் பூக்களின் பெயரால் ஐந்தாகப் பகுத்த நம் இலக்கணிகள், தில்லி வளர்ச்சி ஆணைய (டி.டி.ஏ.) அடுக்ககத்தின் மூன்றாம் மாடிப் பால்கனியை எதிர்பார்த்திருக்க வாய்ப்பில்லை. துணிக்கொடிக்கும் மடக்கு ஏணிக்கும் நடுவே பிரேசில், மெக்சிகோ, ஜப்பான், நெதர்லாந்துச் செடிகள் குடித்தனம் நடத்தும் இந்நிலம் எத்திணையின்பாற்படும் என்பதற்கு உரையாசிரியர்கள் விடை கூறவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

2. முதற்பொருள்

நிலம்: தொட்டியும் தொட்டி சார்ந்த இடமும்.

பொழுது: இரண்டு. நவம்பர் முதல் ஹோலி வரை பெருமிதம். அதன்பின் மழை வரும்வரை அழுகை. ஜனவரி விடியலில் 4 டிகிரி, மே மாத நண்பகலில் 45 டிகிரி என்று ஊசலாடும் ஊரில் இரண்டையும் தாங்குவது எருமையும் அரசு ஊழியரும் மட்டுமே.

இத்திணைக்குரிய வேட்கை பிறக்குமிடம் குடியரசுத் தலைவர் மாளிகை. கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த 15 ஏக்கர் தோட்டம், 2023 ஜனவரி வரை முகலாயத் தோட்டம், இப்போது அம்ருத் உத்யான், பிப்ரவரி வாக்கில் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகிறது. உள்ளே போகும்போது குடும்பத் தலைவராக இருந்தவர், வெளியே வரும்போது நர்சரிக்கு வழி கேட்கிறார். அத்தோட்டத்தில் வேலை செய்யும் மாலிகளின் (தோட்டக்காரர்களின்) எண்ணிக்கையை அவர் கேட்டுக்கொள்வதில்லை.

3. கருப்பொருள்

தெய்வம்: மாலி. வாரம் ஒருமுறை காட்சி தருவார். அழைத்தால் வாரார், வந்தால் எதையாவது வெட்டாமல் போகார்.

உணவு: கடுகுப் புண்ணாக்கு. நர்சரியில் ‘சர்சோ கி கலி’ என்று கேட்டால் கிடைக்கும். வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுத் தெளிவை நீர்த்து ஊற்றுவது தில்லி மரபு. நான்காம் நாள் இதன் மணம் கீழ்வீட்டை அடையும். ஐந்தாம் நாள் கீழ்வீட்டார் மேல்வீட்டை அடைவர்.

விலங்கு: குரங்கு. மொட்டைக் கிள்ளி, முகர்ந்து, தரமில்லை என்று எறிந்துவிடும்.

புள்: புறா. மண்கலவை மிகச் சிறந்த தொட்டியைத் தேர்ந்து அதில் முட்டையிடும். அடைகாக்கும் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது பாவம் என்று பாட்டி தீர்ப்பளிப்பார்; செடி பட்டினி கிடக்கும்.

பறை: கூலரின் இரைச்சல். இதன் பயன் அடுத்த இயலில் விளங்கும்.

4. உரிப்பொருள்

ஐந்திணையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் ஒழுக்கம். பால்கனித் திணையிலோ ஐந்தும் ஒரே ஆண்டில், ஒரே மனிதருக்கு நிகழ்கின்றன.

புணர்தல்: ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட், பூத்த நிலையில் வாங்கப்படுகிறது. ஈரக்காற்றில் மரக்கிளையைப் பற்றி வளரும் இனம் அது. தில்லியின் மே மாதக் காற்றோ அப்பளத்தை அடுப்பில்லாமல் சுட வல்லது. ஆகவே கூலர் ஆர்க்கிட்டின் பக்கம் திருப்பப்படுகிறது. மாமனார் நாற்காலியோடு நகர்ந்து காற்றின் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறார். வாங்கிய பூ உதிர்ந்தபின் மறுபூ எப்போது என்று அவர் மட்டுமே கேட்கிறார்.

இருத்தல்: குல்தாவுதி எனப்படும் பெரும்பூச் சாமந்தி. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். பகல் இரவின் நீளமே செடியின் பூப்பை ஆள்கிறது என்பதைக் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க அறிஞர்கள் 1920-இல் புகையிலையை வைத்து நிறுவினார்கள். மாநகராட்சி அதையே பால்கனிக்கு எதிரே தெருவிளக்கை நட்டு மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறது. விளக்கடியில் இருக்கும் சாமந்திக்கு இன்னும் கோடை முடியவில்லை. மாலையானதும் செடிக்குப் பழைய போர்வை போர்த்தும் ஆர்வலரைக் கண்டு எதிர்வீட்டார் வேறு காரணங்களை ஊகிக்கின்றனர்.

ஊடல்: ஹைட்ராஞ்சியா. நீலமாக வாங்கியது அடுத்த முறை இளஞ்சிவப்பாகப் பூக்கும். அமில மண்ணில் அலுமினியம் செடிக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். கார மண்ணில் கிடைக்காது. தில்லியின் உப்புத்தண்ணீர் எப்பக்கம் நிற்கும் என்பது தேநீர்க் கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். ஊடல் தீர்க்கும் மருந்து படிகாரம். முகம் மழித்தபின் தேய்த்துக்கொள்ள வைத்திருந்த கட்டி உடைத்துக் கரைக்கப்பட்டுத் தொட்டிக்குப் போகிறது. ஆர்வலரின் கன்னம் எரிகிறது. பூ ஊதாவில் வந்து நின்று யோசிக்கிறது.

பிரிதல்: ஜூனில் ஊருக்குப் போகும்போது சாவி பக்கத்து வீட்டுக்குப் போகிறது. பக்கத்து வீட்டார் இருவகைப்படுவர்: மறப்போர், மறவாதோர். பின்னவரே அஞ்சத்தக்கவர். அடினியம் கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபிய வறள்நிலச் செடி. பருத்த அடிமரத்தில் நீரைச் சேமித்து மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். நாளும் இருவேளை ஊற்றப்பட்ட அன்பில் அது அழுகிவிடும். நன்றி சொல்ல ஊரிலிருந்து அல்வா வேறு வாங்கி வந்திருப்பார்கள்.

இரங்கல்: டூலிப். இதன் கிழங்குக்குச் சுமார் மூன்று மாதக் குளிர் வேண்டும். தில்லிக் குளிர்காலத்தின் நீளம் போதாது. எனவே ஃபிரிட்ஜ். அங்கே ஏற்கெனவே தோசை மாவு இருக்கிறது. ஆப்பிளும் இருக்கிறது என்பதே சிக்கல்: பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் உறங்கும் பூவைக் கருக்கிவிடும். ஆப்பிளை வெளியேற்றுவதா, டூலிப்பையா என்ற வழக்கில் இதுவரை டூலிப் வென்றதாகச் சான்றில்லை. கிழங்கை வெங்காயமென்று கருதிச் சாம்பாருக்கு உரிக்கத் தொடங்கும் இடையூறும் உண்டு.

5. களவு

களவொழுக்கத்துக்கும் அண்மைச் சான்று உண்டு. 2023 பிப்ரவரியில் குருகிராமில் ஜி-20 கூட்டத்துக்காகச் சாலையோரம் வைத்த பூந்தொட்டிகளை ஒருவர் பட்டப்பகலில் விலையுயர்ந்த காரில் ஏற்றிச் சென்ற காணொளி நாடெங்கும் பரவியது, கைதும் நடந்தது. காரை வாங்க முடிந்தவருக்குத் தொட்டியை வாங்கவா பணமில்லை? பிறர் வளர்த்துக் கொடுத்த பூவே பூ என்னும் கோட்பாடு இதனால் வலுப்பெறுகிறது.

6. முடிபு

அயல்மலர் யாது? பிறந்த நாட்டைக் கொண்டு தீர்மானிப்பது பிழை. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்தது. யாரும் விருந்தாளியை அழைத்து அதைக் காட்டுவதில்லை. சிவன் கோயில்களில் நிற்கும் நாகலிங்க மரம் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. அதற்குத் தலபுராணமே வந்தாயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்பயணிகள் பிரேசிலில் கண்டெடுத்த போகன்வில்லா, தில்லிச் சாலைகளின் நடுத்திட்டில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு பூத்துக் குலுங்குகிறது. சிவப்பு விளக்கில் நிற்பவர்கூட ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எளிதில் வளர்ந்த அன்றே செடி தன் அயல்தன்மையை இழக்கிறது என்பது வெளிப்படை.

இவ்வளவையில் டூலிப்புக்கு நிகரில்லை. புதுதில்லி நகராட்சி மன்றம் லட்சத்துக்கு மேற்பட்ட கிழங்குகளை நெதர்லாந்திலிருந்து தருவித்துச் சாந்தி பாத்திலும் பிற இடங்களிலும் நடுகிறது. இரண்டு மூன்று வாரம் பூத்து முடிகின்றன. தில்லி வெயிலில் அக்கிழங்கு மறுபடி பூக்கும் அளவுக்குத் தேறாது; அடுத்த ஆண்டுக்குப் பெரும்பாலும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். 1637-இல் டூலிப் விலை சரிந்து கையைச் சுட்டுக்கொண்ட டச்சுக்காரர்கள், நிலையான வாடிக்கையாளரைத் தேடிக்கொண்டார்கள் என்றே கருதலாம்.

ஆகவே தன் செடி பிழைக்க வேண்டும் என்று ஆர்வலர் உதட்டளவில் வேண்டினாலும், அது நன்றாகப் பிழைத்துவிட்டால் அவருக்குக் கேடுதான். அடுத்த ஆண்டே எதிர்வீட்டிலும் பூக்கும். அதற்கடுத்த ஆண்டு மேம்பாலத்துக்கு அடியில் நடுவார்கள். அவர் வேறு செடி தேட வேண்டிவரும்.