கங்காணி கணக்கில் தாத்தா ஓர் ஆள்

கேள்வி: எங்கள் தாத்தா ரஜுலா கப்பலில் வந்தவர். பயணிகள் பட்டியலில் அவர் பெயரைத் தேட முடியுமா? (வாசகர், கிள்ளான்)

பதில்: எந்த வருஷம் வந்தார்? ரஜுலா ஓடத் தொடங்கியதே 1926-இல்தான். ஆனால் நம் வீடுகளில் 1910-இல் வந்த தாத்தாவும் ரஜுலாவில்தான் வந்திருப்பார்! கப்பலை விடுங்கள். மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்கு ஆளுக்கு ஓர் எண். அப்பா பெயர், சாதி, கிராமம் எல்லாம் ஏட்டில் ஏறின. அங்குள்ள கொள்ளுப்பேரன்கள் இன்றும் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வந்து இறங்குகிறார்கள். நமக்கு அப்படி ஆளுக்கொரு வரி எழுதிய ஏடு வாய்க்கவில்லை. மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் நின்றது. நம்மவர்களில் பெரும்பாலோர் 1938 வரை நடந்த கங்காணி முறையில் வந்தவர்கள். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரும் கங்காணிக்குத் தலைக்காசு. தலையை எண்ணினால் காசு வரும். ஊர் பேர் விசாரித்து எழுதினால் அவருக்கு என்ன வரும்?

கேள்வி: அப்படியானால் எங்கேதான் தொடங்குவது? (அதே வாசகர், கொஞ்சம் கோபமாக)

பதில்: பாட்டியின் தகரப் பெட்டியில். அப்பாவின் சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) கிடைத்தால் பிறந்த தோட்டத்தின் பெயர் தெரியும். தொலைந்திருந்தால் தேசியப் பதிவு இலாகாவான ஜேபிஎன்-இல் நகல் கேட்டு விண்ணப்பியுங்கள். ஐசி என்ற அடையாள அட்டை 1948-இல், அவசரகாலத்தில் வந்தது. பழைய ஐசி, தாத்தாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், எது கிடைத்தாலும் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். ஆனால் நான் முதலில் தேடச் சொல்வது ஊரிலிருந்து வந்த நீலநிற விமானக் கடிதத்தை. உள்ளே 'நலம், நலமறிய ஆவல்' என்பதைத் தாண்டி, பணம் அனுப்பு என்பதுதான் இருக்கும். மடித்து ஒட்டிய பின்பக்கத்தைப் பாருங்கள். அனுப்புநர் பெயர், கிராமம், போஸ்ட், 'வழி' என்று பக்கத்து ஊர், தாலுக்கா, ஜில்லா. இந்த ஆறு விவரம் எந்த ஆவணக் காப்பகத்திலும் கிடைக்காது. அடுத்தது பழைய கல்யாணப் பத்திரிகை. பேரன், பேத்தி, தாய்மாமன் என்று மூன்று தலைமுறையை ஒரே தாளில் அச்சடித்துத் தருகிற வழக்கம் நம்மிடம் இருக்கும்போது, பரம்பரை மரம் வரையத் தனி மென்பொருள் எதற்கு?

கேள்வி: பாட்டி 'சேலம் ஜில்லா' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். (வாசகி, காப்பார்)

பதில்: பாட்டி சொன்ன சேலம் பெரிய சேலம். 1965-இல் தர்மபுரி பிரிந்தது, 1997-இல் நாமக்கல் பிரிந்தது, தர்மபுரியிலிருந்து 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது. தஞ்சாவூரும் அப்படித்தான்: நாகப்பட்டினம், திருவாரூர், இப்போது மயிலாடுதுறை. அத்தைமாரிடம் ஊர்ப் பெயர் கேட்காதீர்கள், மறந்திருப்பார்கள். எந்தச் சந்தைக்குப் போவார்கள், எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள், குலதெய்வத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். வெறுமனே மாரியம்மன் என்றால் போச்சு. கொஞ்சம் விநோதமான பெயராக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

கேள்வி: தோட்டமே இல்லை, இப்போது அங்கே தாமான் குடியிருப்பு. செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) யாரிடம் இருக்கும்? (வாசகர், ஷா ஆலம்)

பதில்: கம்பெனி கைமாறியபோதே கரையானுக்குப் பங்கு போயிருக்கும். தமிழ்ப்பள்ளியை விசாரியுங்கள். தோட்டம் போனாலும் பல பள்ளிகள் இடம் மாறி உயிரோடு இருக்கின்றன. பழைய சேர்க்கைப் பதிவேடு தப்பியிருந்தால் பிள்ளையின் பிறந்த தேதியும் அப்பா பெயரும் கிடைக்கும். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிலாங்கூர் அரசுச் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. ஆனால் ஒழுங்காகப் பால்மரம் வெட்டி, பேசாமல் லயத்துக்குத் திரும்பியவரைத் துரைமார் கோப்பில் ஏன் எழுதப் போகிறார்கள்? 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தைப் பாருங்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். அவர் பெயர் கோப்பில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் தாத்தா கொஞ்சம் வம்புக்காரராக இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் யாழ்ப்பாணத்தார். கொள்ளுத்தாத்தா ரயில்வேயில் கிளார்க். (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: கொடுத்துவைத்தவர் நீங்கள். அரசாங்க கெஜட்டில் நியமனம், பதவி உயர்வு, ஓய்வு என்று தேடலாம். மலேசியா, சிங்கப்பூர் இலங்கையரின் நூறாண்டு பற்றி (1867-1967) எஸ். துரைராஜசிங்கம் தொகுத்த தடித்த புத்தகத்தைப் புரட்டுங்கள். ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலில் மூத்தவர்களிடம் ஊரைச் சொன்னால் அரை மணியில் உறவு சொல்வார்கள். தண்டவாளத்தின் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவருக்கு இத்தனை இருக்கிறது. தண்டவாளம் போட்டவரின் பேத்திக்கு நான் மேலே சொன்ன தகரப் பெட்டிதான்.

கேள்வி: செட்டியார்களுக்கு? (வாசகர், லெபோ அம்பாங்)

பதில்: உங்களுக்கா கேள்வி? கல்யாணமானதும் ஒன்பது நகரக் கோயில்களில் உங்களுடைய கோயிலில் புள்ளி (குடும்பக் கணக்கு) சேர்ந்துவிடும். கணக்கு எழுதுகிறவர்கள் கணக்கை விடுவார்களா!

கேள்வி: எச்சிலை அனுப்பி டிஎன்ஏ பார்த்தால் ஊர் தெரியுமா? (வாசகர், பெட்டாலிங் ஜெயா)

பதில்: 'தென்னிந்தியர்' என்று வரும். அது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். தூரத்துச் சொந்தம் ஒருவர் சிக்கலாம், அவரும் காசு கட்டித் துப்பியிருந்தால்.

கேள்வி: தாத்தாவின் தம்பியை ஜப்பான்காரன் சயாம் ரயிலுக்குக் கொண்டுபோனான். கல்லறை இருக்குமா? (வாசகர், பந்திங்)

பதில்: இருக்காது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாகக் கல்லும் பெயரும் இருப்பது போர்க்கைதிகளுக்கு. 1942-43-இல் இங்கிருந்து போய் மாண்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. அவர் பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து பிடித்தார்கள், உடன் போனவர் யார் என்பதை இந்த வாரமே எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்களுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது.

கேள்வி: ஊரைக் கண்டுபிடித்துவிட்டேன். போனால் நிலத்தில் பங்கு கேட்க வந்ததாக நினைப்பார்களோ? (வாசகி, கிள்ளான்)

பதில்: கட்டாயம் நினைப்பார்கள். முதல் நாளே பட்டா, சிட்டா என்று வாயைத் திறக்காதீர்கள். குலதெய்வக் கோயிலுக்குப் போய்த் தலைக்கட்டு வரி கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். ஊர் முகம் மலரும், வரி நோட்டும் வெளியே வரும். பழைய நோட்டில் உங்கள் கொள்ளுத்தாத்தா வரி பாக்கி வைத்துவிட்டுக் கப்பல் ஏறியது எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக் கட்டிவிடுங்கள். பெண்பிள்ளை பெயரில் வரி வாங்க மாட்டோம் என்பார்கள் சில ஊர்களில். விடாதீர்கள். ரசீது உங்கள் பெயரிலேயே இருக்கட்டும்.