ப்ராசசர் மாற்று படலம்

என் வீட்டுக் கம்ப்யூட்டரில் 'அ' தட்டிவிட்டு, அடுக்களைக்குப் போய்க் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பினால், திரையில் 'அ' வந்திருக்கும். மகள் என்ஜினியரிங் சேர்ந்த 2009-ல் வாங்கியது. அவள் இப்போது கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறாள். 1990-லேயே நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்கா எழும்பிய ஊர் எங்கள் திருவனந்தபுரம். இங்கே கரமனையில் ஒரு வீட்டில் இன்னும் பென்டியம் டூயல் கோர் முனகுவது அவளுக்கு மானப் பிரச்சினை. "புதுசு வாங்கித் தரேம்ப்பா" என்றாள். நான் ப்ராசசரை மட்டும் மாற்றுவதென்று தீர்மானித்தேன். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன சாகசம் மிச்சம்?

தம்பானூர்ப் பக்கம் பழைய சாமான் விற்கும் பையன், "775 சாக்கெட்டோ சாரே? மியூசியத்தில் சோதிச்சு நோக்கூ" என்றான். 2004-ல் இன்டெல் கொண்டுவந்த சாக்கெட். பிறகு மனமிரங்கி, ஒரு பெட்டியைக் கிளறி, கோர் 2 குவாட் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பழசில் இரண்டு கோர், இதில் நாலு. பழசு 65 வாட் தின்னும், இது 95. ஏழை வீட்டுக்கு வந்த பசிக்கார மாப்பிள்ளை.

கேபினெட்டைத் திறந்தேன். பத்மநாப சுவாமி கோயில் நிலவறைகளை 2011-ல் திறந்தபோது தங்கமாகக் கொட்டியது. எனக்குக் கிடைத்தது ஒரு கைப்பிடித் தூசியும் மூன்று பல்லிமுட்டையும். 'பி' நிலவறையை ஏன் மூடியே வைத்திருக்கிறார்கள் என்று அப்போது புரிந்தது.

இந்த ரகச் சாக்கெட்டில் ஊசிகள் ப்ராசசரில் இல்லை, மதர்போர்டில் நிற்கின்றன. 775 ஊசி. ஒன்று வளைந்தாலும் போர்டே வீணாகலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைத்தேன். "ஊசியில நூல் கோக்கச் சொன்னா மட்டும் கண்ணு தெரியாது" என்றாள் மனைவி. மேலே தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். நான் அபிஷேகமே செய்துவிட்டேன். ஃபேனை அழுத்தியபோது போர்டு நெளிந்து 'டக்' என்றது. அந்த ஒரு 'டக்'கில் என் ஆயுசில் ஒரு வருஷம் குறைந்திருக்கும்.

ஆனால் ஓடியது! நாலு கோரும் ஆஜர். 'அ' தட்டினேன். காப்பிதான் முதலில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தாள். ப்ராசசர் 6 சதவீதம், ஹார்ட் டிஸ்க் 100.

"அடுக்களையில நாலு சமையல்காரரை உட்கார்த்தி வெச்சிருக்கேப்பா. சாலைக் கம்போளத்துக்குக் காய் வாங்கப் போறது அதே கிழவர்தான். அதுவும் நடந்து."

அன்றே ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டினாள். இப்போது 'அ' உடனே வருகிறது.

கழற்றிய டூயல் கோர் பூஜை அறைச் சந்தனக் கிண்ணத்தில் இருக்கிறது. 775 சாக்கெட் போர்டு இன்னும் வைத்திருப்பவர்கள் கரமனைக்கு வந்து இலவசமாக எடுத்துப் போகலாம். தெர்மல் பேஸ்ட் மட்டும் கேட்காதீர்கள், தீர்ந்துவிட்டது.