பக்கம் மாறினால் குறி மாறும்

சமக்குறிக்கு இந்தப் பக்கம் கூட்டலாக இருப்பது அந்தப் பக்கம் போனால் கழித்தலாகும். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லித்தந்த விதி. வானூர்ப் பிள்ளைகள் பரீட்சையோடு மறந்துவிட்டார்கள். டெல்லியில் மறக்கவில்லை. விவசாயியின் செலவை அலுங்காமல் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். அது லாபம் ஆகிவிட்டது.

எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006-இல் சொன்னது இவ்வளவுதான்: சராசரி உற்பத்திச் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை கொடுங்கள். விலை = செலவு × 1.5. திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்களுக்கு 2 கோடி வயதாம். அந்த அறிக்கை கல்லாக அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ளவில்லை. 2015-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்துக்கே போய், அப்படிக் கொடுத்தால் சந்தை சீர்குலையும் என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. மூன்றே ஆண்டில், 2018 பிப்ரவரி 1 அன்று, அருண் ஜேட்லி பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு விலை என்று அறிவித்தார். மேசைகள் தட்டப்பட்டன. சந்தை ஏன் சீர்குலையவில்லை? விலையில் வைத்ததைவிடச் செலவில்தான் அதிகம் கைவைத்தார்கள்.

வேளாண் செலவு மற்றும் விலைகள் ஆணையத்திடம் செலவுக்கு முக்கியமாக இரண்டு கணக்கு உண்டு. கையை விட்டுப் போன காசு, அதோடு வீட்டு ஆட்களின் உழைப்பு: இது ‘ஏ2 + எஃப்எல்’. சொந்த நிலத்துக்குரிய வாடகையும் சொந்த முதலுக்குரிய வட்டியும் சேர்ந்தால் ‘சி2’. 2018-19-இல் ஒரு குவிண்டால் நெல்லுக்கு முதல் கணக்கு 1,166 ரூபாய், இரண்டாவது 1,560. அறிவித்த விலை 1,750. சின்னதை ஒன்றரையால் பெருக்கினால் 1,749. தாராள மனசு, ஒரு ரூபாய் கூடவே போட்டார்கள். பெரியதைப் பெருக்கியிருந்தால் 2,340. குவிண்டாலுக்கு 590 ரூபாய் சமக்குறியைத் தாண்டும்போது எங்கோ தவறி விழுந்துவிட்டது.

திண்டிவனத்தில் சொந்தக் கட்டடத்தில் ஓட்டல் நடத்துபவர், வாடகையைக் கணக்கில் வைக்காமலா இட்லிக்கு விலை போடுகிறார்? வானூரில் கிரஷர் வைத்திருப்பவர் போட்ட முதலுக்கு வட்டி பார்க்காமலா ஜல்லிக்கு விலை சொல்கிறார்? அப்பன் விட்டுப்போன நிலம்தானே, சும்மாதானே கிடக்கிறது என்று நெல் போட்டவனிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

இனி லாபத்தைப் பாருங்கள். 1,750-இல் 1,166 போனால் 584: செலவின் மேல் 50 சதவீதம், அமைச்சருக்குக் கைதட்டல். இதே 584-ஐ வியாபாரி வழக்கப்படி விற்ற விலையால் வகுத்தால் 33 சதவீதம். முழுச் செலவையும் கழித்தால் மிச்சம் 190. விற்ற விலையில் 11 சதவீதம்கூடத் தேறவில்லை. ஒரே மூட்டை, ஒரே விலை. வகுப்பவன் யார் என்பதைப் பொறுத்து 50, 33, 11. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். அதனால்தான் கணக்குப் பார்க்கும் சிரமத்தை அவனுக்கு வைக்காமல் அவர்களே பார்த்துவிட்டார்கள்.

நெல்லுக்காவது கொள்முதல் நிலையம் என்று ஒன்று இருக்கிறது. மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, அந்த ஆண்டு குவிண்டால் 4,890 என்று எழுதினார்கள். விற்பனைக் கூடத்தில் ஏலம் கேட்கும் வியாபாரியை அந்தத் தாள் கட்டுப்படுத்தாது. சவுக்கு ஆதரவு விலைப் பட்டியலிலேயே இல்லை.

சுவாமிநாதன் 2023 செப்டம்பரில் காலமானார். 2024 பிப்ரவரி 9 அன்று அவருக்குப் பாரத ரத்னா அறிவித்தார்கள். பிப்ரவரி 13 அன்று, அவர் சொன்ன விலையைக் கேட்டு டெல்லிக்குக் கிளம்பியவர்கள்மீது ஷம்பு எல்லையில் ட்ரோனிலிருந்து கண்ணீர்ப் புகைக் குண்டு விழுந்தது. படத்துக்கு மாலை, பரிந்துரைக்குப் புகை. நான்கு நாள் இடைவெளி விட்டதே பெரிய நாகரிகம்.

டெல்லியைத் திட்டிவிட்டுச் சென்னையை விட்டுவிட்டால் அதுவும் ஓரவஞ்சனைதான். 2021 தேர்தலில் திமுக நெல்லுக்கு 2,500 ரூபாய் என்று வாக்குக் கொடுத்தது. அப்போது சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் விலை 1,868. அன்றே கொடுத்திருந்தால் மாநிலம் 632 ரூபாய் போட வேண்டும். கொடுத்தது 2025 செப்டம்பரில். அதற்குள் மத்திய விலை 2,369-க்கு ஏறிவிட்டதால் 131 ரூபாயில் வாக்குறுதி நிறைவேறியது. விடையை அப்படியே வைத்துக்கொண்டு, x தானாக வளரும்வரை உட்கார்ந்திருப்பது சென்னையின் இயற்கணிதம்.

காத்திருந்த நாலு வருஷத்துக்கு வட்டி உண்டா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். விவசாயியின் சொந்த முதலுக்கு வட்டி கிடையாது என்று டெல்லியிலேயே முடிவாகிவிட்டது.