விடுபடு பொருள்: புதுக்கோட்டை இல்லங்களில் விடுமுறை நாள் கைவேலை முற்றுப்பெறாமை குறித்த ஓர் ஆய்வு

விடுமுறை நாளில் இல்லத்தில் நிகழும் பணிகள் மூவகைப்படும். வீட்டுக்குள் அமர்ந்து, எவருடைய கட்டாயமுமின்றி, மனமகிழ்வுக்காகச் செய்யப்படுவது கைவேலை. வெளியே சென்று ஒரு பொருளைக் கொண்டுவரவோ ஒருவரிடம் ஒன்றைச் சேர்ப்பிக்கவோ செய்யப்படுவது வெளிவேலை. இவ்விரண்டுக்கும் நடுவே யாருடைய கவனத்தையும் ஈர்க்காமல் நடந்து முடிந்துவிடும் சமையல், துவைத்தல் முதலியன வீட்டுவேலை. மூன்றாவது நாள்தோறும் தவறாது முடிந்துவிடுவதால் ஆய்வுக்குரிய சிக்கல் எதையும் தோற்றுவிப்பதில்லை. அதனைச் செய்பவர் இக்கூற்றை மறுக்கக்கூடும் எனினும், மறுப்பதற்கு அவருக்கு நேரம் வாய்ப்பதில்லை. எனவே முதலிரண்டே இங்கு ஆராயப்படுகின்றன. காலையில் தொடங்கப்பெறும் கைவேலை மாலைக்குள் முடியாமைக்குச் சோம்பலே காரணம் என்பது வீட்டுப் பெரியோர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கொள்கை. அது பிழை. எந்தக் கைவேலையிலும் அதை முடிக்க இன்றியமையாததும், வீட்டில் இல்லாததும், பாதி வேலை நடந்த பின்னரே இல்லையென்று தெரியவருவதுமான ஒரு பொருள் உண்டு. அதற்கு இக்கட்டுரை 'விடுபடு பொருள்' எனப் பெயரிடுகிறது.

இக்கொள்கையை விளக்க வயர் கூடையைவிடத் தக்க சான்று கிடைப்பதரிது. பிளாஸ்டிக் வயரை அளந்து வெட்டி, நடுவில் மடித்து, முடிச்சு முடிச்சாகப் பின்னி, முதலில் அடிப்பாகத்தையும் பின்னர் சுவர்களையும் எழுப்பி, விளிம்பு கட்டி, இறுதியில் கைப்பிடி போடுவது இதன் முறை. முடிச்சுகளுள் சாதா முடிச்சு தொடக்கநிலையார்க்குரியது. கண் வடிவம் தோன்றப் பின்னுவது சிவன் கண். உருண்டு புடைத்து நிற்பது நெல்லிக்காய். நெல்லிக்காய் முடிச்சு வயரை மிகுதியாக விழுங்குவது என்பதைப் பின்னுவோர் அனைவரும் அறிவர். அறிந்தும் அதையே தேர்வர், ஏனெனில் எதிர்வீட்டுக் கூடை சிவன் கண்ணாக இருக்கும். இதன் விளைவாக, கூடை முழுவதும் உருவாகி, பார்ப்போர் பாராட்டும் நிலையை எட்டிய பிறகு, கைப்பிடிக்கு வயர் பற்றாமற் போகிறது. ஆக, இங்கு விடுபடு பொருள் அதே நிறத்து வயர். 'அதே நிறம்' என்பது கடைக்காரர் அகராதியில் 'கிட்டத்தட்ட அதே நிறம்' என்று பொருள்படும் என்பதும், கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரு பச்சைகள் திண்ணை வெயிலில் பகைவராகிவிடும் என்பதும் இச்சிக்கலை மேலும் ஆழமாக்குகின்றன.

விடுபடு பொருள் தெரியவந்த கணத்தில் கைவேலை வெளிவேலையாக உருமாறுகிறது. வெளிவேலை தாமதமாவதற்கு ஊரின் அமைப்பே காரணம் என்ற வாதம் பிற ஊர்களில் எடுபடலாம். புதுக்கோட்டை நகரில் எடுபடாது. 1878 முதல் 1894 வரை சமஸ்தானத்தின் திவானாக இருந்த சேஷய்ய சாஸ்திரியார் காலத்தில் இந்நகரம் ஒழுங்குறச் சீரமைக்கப்பட்டது; நாற்புறமும் ராஜ வீதிகளும், அவற்றுக்கு இணையாக இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என எண்ணிட்ட நேர்த் தெருக்களும் கொண்டது. எண்ணத் தெரிந்த எவரும் இங்கு வழி தவற இயலாது. அவ்வாறிருந்தும், கீழ ராஜ வீதிக்குச் சென்றவர் மதியச் சோறு ஆறிய பிறகே திரும்புவதால், தாமதத்தின் தோற்றுவாய் தெருவில் இல்லை, தெருவில் நிற்போரிடம் உள்ளது என்று கொள்ளவேண்டியிருக்கிறது. "என்னக்கா, இந்தப் பக்கம்?" என்னும் வினா விடையை நாடிக் கேட்கப்படுவதன்று, நடப்பவரை நிறுத்துவதற்கென்றே அமைந்தது. நேர்த் தெருவில் நெடுந்தொலைவிலிருந்தே ஆளை அடையாளம் காண முடிவதால் இவ்வினாவுக்குத் தப்பவும் வழியில்லை. திவானின் திட்டத்தில் காணப்படும் ஒரே குறை இது.

திரும்பி வருபவர் கையில் இருப்பவற்றை நோக்கின், கொத்தமல்லிக் கட்டு, அரைத்த மிளகாய்த்தூள், சில்லறைக்குப் பதிலாகத் தரப்பட்ட ஊக்கு அட்டை ஆகியன காணப்படும். (ஓர் அணாவுக்கு 20 வீதம் வழங்கிய அம்மன் காசு, 1948இல் இந்தியாவோடு இணையும்வரை இச்சமஸ்தானத்தின் சொந்த நாணயமாக இருந்தது, அத்துணைச் சிறிய காசு புழங்கிய ஊரில் இன்று ஊக்கு நாணயமாகியிருப்பது பொருளியலார் கவனத்துக்குரியது.) இவற்றோடு முற்றிலும் வேறு நிறத்தில் இரண்டு வயர் ரோல்களும் இருக்கும். நிறம் பொருந்தவில்லை, ஆனால் நன்றாக இருந்தது என்பது தரப்படும் விளக்கம். இதிலிருந்து பெறப்படும் விதி: விடுபடு பொருளைத் தேடிச் செல்பவர் அதனைக் கொணராது, மற்றொரு கைவேலைக்குரிய மூலப்பொருளைக் கொணர்வர்.

இவ்விதியின் தொன்மை சித்தன்னவாசலில் புலனாகிறது. அங்குள்ள அறிவர் கோயிலின் விதானத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தாமரைக்குள ஓவியத்தில், மீனும் அன்னமும் யானையும் எருமையும் திரியும் நீரில் ஆடவர் மலர் கொய்து நிற்கின்றனர். சமணரின் சமவசரணக் காட்சியில் இடம்பெறும் குளம் இது என்பது கலை வரலாற்றாசிரியர் கொள்கை. அதனை மறுக்க இக்கட்டுரை முனையவில்லை. ஆயினும் அவர்கள் கையில் மலர் உள்ளது என்பதைத்தான் ஓவியம் காட்டுகிறதேயன்றி, அவர்கள் எதற்காக அனுப்பப்பட்டனர் என்பதைக் காட்டவில்லை. அவர்தம் முகத்தில் தெரியும் நிதானம், சொன்ன பொருளை வாங்காது வேறொன்றோடு வீடு திரும்பும் ஆடவர் முகத்தில் இன்றும் காணக்கிடைப்பது.

வெளிவேலை வரலாற்றில் பெரும் திருப்பம் 1991இல் தொடங்குகிறது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்று நடத்திய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் சிற்றூர்ப் பெண்களிடம் கொண்டுசென்றது. பல்லாயிரவர் கற்றனர். பெண்களுக்குரிய சைக்கிள் கிட்டாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர் என்றும், குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியோரும் உண்டு என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். பேருந்துக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திருந்த நிலை இதனால் அகன்றது. இது நகைப்புக்குரிய செய்தியன்று. நகைப்புக்குரியது அதன் மறுபக்கம்: அதுவரை வெளிவேலையை அரைகுறையாக முடித்துக்கொண்டிருந்த ஆடவர், அதிலிருந்தும் ஓய்வு பெற்றனர். அவர்களுடைய மறதி இயற்கையானதா, நெடுநோக்குடையதா என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி, விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலத்தில், பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் முன் நிற்கும் மாபெரும் குதிரைச் சிலைக்கு, மாசி மகத்தன்று அடியார்கள் ஆயிரக்கணக்கில் காகிதப்பூ மாலைகளைச் சாத்துகின்றனர். காகிதத்தை வெட்டி, மடித்து, பூவாக்கி, குதிரையின் உயரத்துக்கு ஏற்ப நீளமாகக் கட்டும் இம்மாலை வயர் கூடையினும் பொறுமை வேண்டுவது. எனினும் குறித்த நாளில் முடிந்துவிடுகிறது. காகிதமோ நூலோ இடையில் தீராது என்பதில்லை; தீர்ந்தால் யாரேனும் ஓடிப்போய் வாங்கி வருகின்றனர், அதுவும் அதே நிறத்தில். மாசி மகம் தள்ளிப்போகாது என்பதே வேறுபாடு. வயர் கூடைக்கு அத்தகைய தெய்வம் வாய்க்கவில்லை.

கைப்பிடியற்ற கூடை ஆணியில் மாட்ட இயலாததால் பீரோவின் மேல் வைக்கப்பட்டு, நாளடைவில் பாதித் தையலோடு நின்ற பூவேலைத் துணி, ஃபால்ஸ் அடிக்க வைத்த புடவை, புது நிறத்து வயர் ரோல்கள் ஆகியவற்றைத் தாங்குகிறது. பயன்பாட்டுக்கு வந்துவிட்ட ஒரு பொருளை முற்றுப்பெறாதது என்று வகைப்படுத்துவது முறையாகாது என்று ஒரு சாரார் வாதிடுவர். கூடையைப் பின்னியவரும் அச்சாரைச் சேர்ந்தவரே.