நில்லுன்னா நில்லு

வா அப்பு, இப்படித் திண்ணையில குந்து. சிங்கப்பூர்லேர்ந்து வர்ற பேரன் பையில சாக்லேட்டு கொண்டாருவான்னு அப்பத்தா ரெண்டு நாளா வாசலப் பாக்குறா. நீ என்னடான்னா பைநெறையக் காயிதத்த வச்சிக்கிட்டு நிக்கிற.

என்னா சொன்ன? ஆதனக்கோட்டை ரோட்டுல ரெண்டு ஏக்கரு முந்திரிக்காடு, ‘நில் என்கம்பரன்ஸ்’, அதனால நாளைக்கே அட்வான்ஸா? புரோக்கரு நல்லாத்தான் பாடஞ் சொல்லிக் குடுத்திருக்கான். ‘எங்க கம்பு’ன்னு ஆரம்பிக்கிற வார்த்தையாச்சே, கம்பு வெதச்சவன் எனக்குத் தெரியாமப் போயிருமா?

சிரிக்காத. ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசல்ல, பத்திர எழுத்தர் பெஞ்சியில முப்பது வருசம் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்டா நானு. கையெழுத்துக்கு ஒரு டீ, ஒரு வடை. நான் தின்ன வடைக்கு நீ படிச்ச காலேஜையே வாங்கியிருக்கலாம். அங்க அந்த வார்த்தைக்குப் பேரு வில்லங்கம். ஊருக்குள்ள வில்லங்கம் பண்றவன அடிக்கப் போறோம். ஆபீஸ்ல மட்டும் ‘வில்லங்கம் போட்டுட்டியா?’ன்னு கேட்டுக் கேட்டுக் காசு கட்டுறோம். நல்ல ஊருடா இது.

வெள்ளைக்காரன் வார்த்தைக்கு மூலம் என்னான்னு ஒரு ரிட்டையர்டு வாத்தியாரு அகராதியப் பொரட்டிச் சொன்னாரு. பழைய பிரெஞ்சுல ஆத்த மறிச்சுப் போட்ட தடுப்புக்கு அப்படி ஒரு பேராம். எனக்கு ஒடனே வெளங்கிருச்சு. நம்ம வாரியில எவனாவது கட்டையப் போட்டு மறிச்சா தண்ணி கொளத்துக்கு வருமா? வராது. நெலம் உம்பேருலதான் இருக்கும், ஆனா ஒனக்குன்னு முழுசா ஓடி வராது. ஒத்தி, அடமானம், கோர்ட்டு ஜப்தி, இன்னாருக்கு ஜீவனாம்சம்னு எழுதிவச்ச பாத்தியம், எல்லாம் அந்தக் கட்டைதான்.

ஆனா நம்ம ஆபீஸ்ல குடுக்குற சான்றிதழ்ல இந்தக் கட்டை மட்டுமா வரும்? கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட்னு அந்த சர்வே நம்பருக்குப் பதிஞ்ச அத்தனையும் வரிசையா வரும். இப்ப ஒங்காயிதத்தப் பாரு. 2012-லேர்ந்து போட்டிருக்கான், ஒண்ணுமே இல்ல, நில். இங்கிலீஷ்காரனுக்கு நில்லுன்னா ஒண்ணுமில்ல. நான் மூணாப்பு தமிழுடா, எனக்கு நில்லுன்னா நில்லுதான். அதான் நிக்கிறேன், ஒன்னையும் நிறுத்துறேன்.

எதுக்குங்கிறியா? விக்கிறவனுக்கு இந்தக் காடு எப்படி வந்துச்சு? அவன் வாங்குன பத்திரமும் இதுல இல்லையே! அப்பன் சொத்துங்கிறான்ல. அப்பன் உயில் எழுதாமச் செத்திருந்தா, அவரு சொத்துல மகளுக்கும் பங்குண்டுன்னு 1956-லயே சட்டம் வந்தாச்சு. பூர்வீகச் சொத்துல பொறப்புலயே சமபங்குன்னு 2005-ல அதையும் இறுக்கிட்டான். அவனுக்கு அக்கா தங்கச்சி எத்தன பேரு? ஒருத்தி அறந்தாங்கியில வாக்கப்பட்டிருப்பா, ஒருத்தி திருப்பூர்ல பனியன் தைப்பா. அப்பன் சாவு எந்த ரிஜிஸ்தர்லயும் கிரயமாப் பதியாது அப்பு. அந்தப் புள்ளைங்க பங்கு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. நீ வீடு கட்டி, பால் காச்சி, பந்தல்ல ஒக்காந்திருக்கும்போது வக்கீல் நோட்டீசாத் தெரியும்.

நீ எந்த வருசத்துலேர்ந்து கேட்டியோ, அந்த வருசத்துலேர்ந்துதான் பதிலு. புரோக்கரு 2012-ன்னு கேட்டா 2011-ல நடந்தத ஆபீசு அதுவாக் கூப்புட்டுச் சொல்லுமா? முப்பது வருசத்துக்காவது போடு. கம்ப்யூட்டர்ல ஏறாத காலத்துக்கு மனுப் போட்டுப் பழைய புஸ்தகத்தத் தேடச் சொல்லு. தாய்ப்பத்திரத்துல ‘தஞ்சாவூர் ஜில்லா’ன்னு இருந்தா பதறாத. 14-1-1974-லதான் புதுக்கோட்டை மாவட்டமே பொறந்துச்சு. அதுக்கு முன்னாடி நம்ம கந்தர்வக்கோட்டை தஞ்சாவூரோட ஒட்டிக்கிட்டு இருந்த ஜமீன் ஊரு.

இன்னொரு கூத்து கேளு. 1908-ஆம் வருசத்துப் பதிவுச் சட்டத்துல, கையெழுத்தான பத்திரத்த 4 மாசம் வரைக்கும் பதிவுக்குக் கொண்டாரலாம். பதிஞ்சிட்டா, கையெழுத்துப் போட்ட நாள்லேர்ந்தே செல்லும். அப்ப என்னாச்சு? போன மாசம் ஒருத்தனுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, இந்த மாசம் ஒனக்கு நில்லுக் காயிதத்தக் காட்டலாம். பொய்யும் சொல்லல, மெய்யும் சொல்லல. இந்தச் சாமர்த்தியம் நம்ம ஆளுக்கு எந்தக் காலேஜ்லயும் சொல்லிக்குடுக்காம வரும்.

சரி, மூஞ்சிய தொங்கப் போடாத. நாளைக்கு விடிய, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, துண்டு ஒண்ணத் தோள்ல போட்டுக்கிட்டுக் காட்டுக்குப் போ. புரோக்கரோட போகாத, தனியாப் போ. முந்திரி பொறுக்குற பொம்பளைகிட்ட, ‘ஆத்தா, இது யாரு காடு?’ன்னு கேளு. 2018-ல கஜாப் புயலு சாச்ச மரத்துக்குப் பதிலா அந்தச் செம்மண்ணுல புதுக்கன்னு வச்சவன் எவன்னு கேளு. கன்னு வச்சவனும் விக்கிறவனும் வேற வேற ஆளா இருந்தா அங்கயே குந்திரு. 1882-ல வெள்ளைக்காரன் எழுதுன சொத்து மாற்றுச் சட்டத்துலயே சொல்லியிருக்கான், நெலத்துல எவன் கைவசம் இருக்கானோ அவன் பாத்தியத நீ தெரிஞ்சுக்கிட்டதாத்தான் கணக்காம். ‘எனக்குத் தெரியாதுங்க எசமான்’னு கோர்ட்டுல அழுதா கதைக்காகாது. வண்டிப்பாதை எந்தப் பக்கம் போவுதுன்னும் பாத்துக்க. இருவது வருசமா ஊரு நடக்குற பாதைய நீ முள்ளு வச்சு அடைச்சின்னா, ஒன்னத்தான் வில்லங்கம்பானுக.

இவ்வளவு தெரிஞ்ச நான் ஏமாந்ததே இல்லையாங்கிறியா? அந்தக் கெழக்க இருக்குற மூணு மா கொல்லைய வாங்குனப்ப எனக்கும் நில்லுன்னுதான் வந்துச்சு. ஒரு ஏக்கரு பாத்து வாங்குனேன், ஒரு மா கொறைஞ்சுது. வித்தவனோட சித்தப்பன் ஒரு துண்டுச்சீட்டு உயில மடியிலேர்ந்து எடுத்து விட்டாரு. உயிலப் பதியணும்னு கட்டாயமில்லயாமே! பதியாதது எந்த வில்லங்கத்துல வரும்? அன்னையிலேர்ந்து வடை தின்னாலும் கண்ணத் தொறந்துக்கிட்டுத் தின்னுறது.

காட்டப் பாத்துட்டு வந்து பேசு. அதுவரைக்கும் அந்த அட்வான்ஸ அப்பத்தா கையில குடுத்துவை, பத்திரமா இருக்கும். திரும்பி வருமான்னு கேட்டா அதுக்கு நான் சாட்சி போட மாட்டேன்.

ஆமா, இந்த வீட்டுக்கும் நீ வில்லங்கம் போட்டுப் பாத்தியாமே? ஒங்கொப்பன் சொன்னான். நில்லுதானே வந்துச்சு? நல்லது. உள்ள அப்பத்தா டிரங்குப் பொட்டியில ஒரு காயிதம் கெடக்கு. எங்கையெழுத்து, ரெண்டு சாட்சி, பதிவு கிதிவு ஒண்ணுமில்ல. நான் போன பொறவுதான் அதுக்கு உசுரு வரும். அதுல உம்பேரு இருக்கா, இல்லையா…

மொதல்ல போயி எனக்கு ஒரு டீயும் வடையும் வாங்கிட்டு வா.