நம்பியாருக்கு ஒரு பாட்டு வாத்தியார்

ஞாயிற்றுக்கிழமை மதியத்தை தூர்தர்ஷன் கெடுத்து வைத்திருந்த காலம் அது. சாப்பிட்டு எழுந்தால் விருது வாங்கிய பிறமொழிப் படம் ஓடும். ஒருவர் ஆற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். அரை மணி கழித்துப் பார்த்தால் ஆறு அவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். தமிழுக்கு முறை வருவதற்குள் நாங்கள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்போம்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது, மறு ஆண்டு ராஜ் டிவி. ஆனால் மயிலாப்பூர் சந்துகளை உண்மையில் ஆண்டவர் கேபிள்காரர். ஒரு டெக், நாலு கேசட், மொட்டை மாடி தாண்டும் ஒயர்; ஸ்டேஷன் அவ்வளவுதான். மதியம் அவர் கண்ணயர்ந்தால் இரண்டாம் பாதி வராது. யாராவது சைக்கிளில் போய் எழுப்ப வேண்டும்.

அந்த வேளையில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று பழசைத் தள்ளிவிடுவார்கள். கோடை விடுமுறையில் தெருவே பார்த்தது. விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) வந்தால் விளையாட்டு நின்றுவிடும். பேய் தன் காலையே அடுப்பில் வைத்து விறகாக எரிக்கும். நாங்கள் நடுங்குவோம். பாட்டியோ, அம்மா காதில் விழும்படி, "காலைக் கொடுத்தாவது வேளைக்குச் சமைச்சுடறா பாரு" என்பாள். சம்பளம் கூடக் கேட்கும் நடிகரை விட்டலாச்சார்யா கிளியாக்கிவிட்டு, கிளியை வைத்தே மீதிப் படத்தை முடிப்பார் என்று ஒரு கதை உலவும். நிஜமோ பொய்யோ, படத்தைப் பார்த்தால் நம்பத்தான் தோன்றும்.

பிறகு ஜெய்சங்கர். ஊருக்குள் இருந்தால் ஜேம்ஸ்பாண்ட், குதிரை ஏறினால் கௌபாய். கர்ணன் இயக்கிய 'கங்கா', 'ஜக்கம்மா' இரண்டும் 1972. தொப்பியும் துப்பாக்கியும் டெக்சாஸ். பழிவாங்கும் சபதம் மட்டும் அசல் உள்ளூர்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே 'கலை அரசி' (1963). ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைக்க இன்னும் 6 ஆண்டுகள் இருக்கும்போதே, வேற்றுக் கிரகத்திலிருந்து நம்பியார் இங்கே வந்து இறங்கிவிட்டார். எதற்கு? அவர்கள் ஊரில் விஞ்ஞானம் கொழிக்கிறது, சங்கீதம் இல்லை. அதனால் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார், எம்.ஜி.ஆர். மீட்கிறார். உலகத்தில் மற்றவர்கள் கற்பனை செய்த வேற்றுக் கிரகவாசிகள் பூமியைப் பிடிக்க வந்தார்கள். நம்முடையவர் பாட்டு வாத்தியார் தேடி வந்தார். இடம்தான் தப்பு. டிசம்பரில் மியூசிக் அகாடமி வாசலில் பறக்கும் தட்டை இறக்கியிருந்தால் யாரையும் கடத்தவே வேண்டாம். சபாவில் சாயங்கால ஸ்லாட் கிடைக்காமல் மதியக் கச்சேரியோடு நிற்பவர்கள் பத்துப் பேர், அங்கே கேன்டீன் உண்டா என்று மட்டும் கேட்டுவிட்டுத் தாமாகவே ஏறியிருப்பார்கள், தம்புராவோடு.

2009இல் நமீதாவை வைத்து 'ஜகன்மோகினி'யைத் திரும்ப எடுத்தார்கள். கிராபிக்ஸ் உண்டு, பயமும் இல்லை, சிரிப்பும் இல்லை. சேனல்காரர்களே, பழைய பிரிண்ட்டையே போடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு, கோடு விழுந்தாலும் பரவாயில்லை.