சிறுவாட்டுச் சாஸ்திரம்

செல்வம் சேர்க்கும் மார்க்கத்தை உபதேசிக்கும் நூல்களுக்கு நம் காலத்தில் குறைவில்லை. வைகறையில் துயிலெழ வேண்டும் என்றும், குளிர்ந்த நீரிலேயே நீராட வேண்டும் என்றும், அடைய விரும்பும் தொகையைக் காகிதத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டி நாள்தோறும் தரிசிக்க வேண்டும் என்றும் அவை விதிக்கும் அநுஷ்டானங்களை ஒன்று விடாமல் கைக்கொண்ட அன்பர்கள் சிலரை நான் அறிவேன். அவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள். ஆனால் அந்நூல்களில் ஒன்றன் அட்டையைக்கூடத் தொட்டறியாமல், வருமானம் என்று சொல்லத்தக்க வருமானமும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாகப் பொருள் சேர்த்துவந்த ஒரு பெருங்கூட்டம் நம் வீட்டுச் சமையலறைகளில் இருக்க, அக்கூட்டத்தின் சித்தாந்தத்தை முறைப்படி வகுத்துரைக்காமல் விட்டுவைத்திருப்பது அறிவுலகத்துக்கு அழகன்று என்று தோன்றியமையால் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டேன். ஆராய்ச்சிக்குரிய பொருள் சிறுவாடு.

முதலில் இலக்கணம். குடும்பச் செலவுக்கென்று வீட்டுத் தலைவன் கொடுத்த பணத்திலிருந்து மிச்சம் பிடித்தோ, முட்டை, மோர், வறட்டி, கோழிக்குஞ்சு முதலியவற்றை விற்றோ திரட்டப்பட்டு, தலைவியின் அறிவுக்கு எட்டுவதும் தலைவனின் அறிவுக்கு எட்டாததுமான பணம் எதுவோ அது சிறுவாடு எனப்படும். இவ்விலக்கணத்தின் உயிர் அதன் பின்பகுதியில் இருக்கிறது. கணவன் அறிந்துவிட்ட கணத்திலேயே அது சிறுவாடு என்னும் தன்மையை இழந்து, வெறும் பணமாகி, அன்று மாலைக்குள் செலவாகிவிடும் என்பது அநுபவத்தால் நிலைநாட்டப்பட்ட உண்மை. துவைக்கப் போடும் சட்டையின் பையில் அகப்பட்ட காசு சிறுவாட்டில் சேருமா என்ற வினாவில் இரு கட்சிகள் உண்டு. சேராது என்பார், அதில் பிரயாசை இல்லை என்பார். சேரும் என்பார், துவைத்த பிரயாசை இருக்கிறதே என்பார். பின்னவர் கட்சியே எனக்கு உடன்பாடு.

இனி, சிறுவாட்டை வைக்கும் ஸ்தானம். அரிசிப் பானை உத்தமமன்று; நாள்தோறும் படி போட்டு அளக்கும் இடத்தில், ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரின் கையும் என்றேனும் நுழையும். சாமி படத்தின் பின்புறம் மத்தியமம். ஆயுத பூஜைக்கு ஒட்டடை அடிக்கிறேன் என்று வீட்டுத் தலைவன் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கிளம்பிவிடுகிறான். புடைவை மடிப்பு, தலையணை உறை ஆகியவை திருடனுக்கும் தெரிந்த இடங்கள். எல்லாவற்றையும் சீர்தூக்கிய முன்னோர்கள் கடுகு டப்பாவையே தலைசிறந்ததாகக் கண்டார்கள். காப்பிப் பொடியையும் சர்க்கரையையும் தேடி ஆண்மகன் சமையலறைக்குள் வருவான். வெல்லத்தையும் முறுக்கையும் தேடி வருவான். கடுகைத் தேடி வந்த ஆண்மகனை இலக்கியத்திலும் காணோம், வாழ்க்கையிலும் காணோம். எட்டாக மடித்த நோட்டுக்குப் பெருங்காய வாசனை ஏறிவிடும் என்பது இம்முறையின் ஒரே குற்றம்.

அரசாங்கம் 1882-ஆம் ஆண்டிலேயே தபாலாபீஸ் சேமிப்பு வங்கியைத் திறந்து வட்டியும் தருவதாகச் சொல்லியிருக்க, இந்த மாதர்கள் ஏன் அங்கே போகவில்லை என்று கேட்கலாம். தபாலாபீஸ் பணத்தைப் பத்திரமாகத்தான் வைத்துக்கொண்டது. ஆனால் அதற்கு அடையாளமாக ஒரு பாஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டது. பாஸ் புத்தகம் என்பது படிக்கத் தெரிந்த எவரிடமும் உண்மையைச் சொல்லிவிடும் சுபாவமுடையது. கடுகு டப்பாவுக்கு அந்தத் தீய குணம் இல்லை.

அர்த்த சாஸ்திரம் இயற்றிய கௌடில்யர், அரசாங்கப் பணத்தை அதிகாரிகள் கையாடுவதற்கு நாற்பது வழிகள் உண்டென்று கணக்கிட்டு வைத்திருக்கிறார். பல நூற்றாண்டுகளாக மறைந்து கிடந்த அந்நூலின் சுவடி தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஒரு பண்டிதரிடமிருந்து மைசூர் கீழ்த்திசைச் சுவடி நிலையத்துக்கு வந்து, ஆர். சாமசாஸ்திரியாரின் கண்ணில் பட்டு, 1909-இல் அச்சேறிய வரலாறு யாவரும் அறிந்ததே. அச்சுவடி தஞ்சை ஜில்லாவில் எந்த வீட்டுப் பரணில் இருந்ததோ, அந்த வீட்டு அம்மாள் அதைப் படித்துத் தன் முறைகளை வகுத்துக்கொண்டிருப்பாளோ என்று ஒரு சமயம் சந்தேகித்தேன். பிறகு தெளிந்தேன்: அவள் படித்திருந்தால் எண்ணிக்கை நாற்பதோடு நின்றிராது.

ஐரோப்பிய சாஸ்திரிகளின் கருத்தையும் பார்ப்போம். மனிதர் ஏன் ரொக்கத்தைக் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்பதற்கு கெயின்ஸ் பிரபு 1936-இல் வெளியிட்ட பெருநூலில் மூன்று நோக்கங்களைக் கூறுகிறார்: அன்றாடக் கொடுக்கல் வாங்கல், எதிர்பாராத செலவுக்கு முன்னெச்சரிக்கை, விலை ஏற்ற இறக்கத்தைப் பார்த்து லாபம் தேடுதல். அவர் 1913-இலேயே இந்திய நாணயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி, இந்தியர்கள் பொன்னைப் பதுக்குவது குறித்துக் கவலையும் தெரிவித்தவர். ஆயினும் இந்தியாவுக்கு ஒரு முறையேனும் வந்தவரல்லர். வந்து, கும்பகோணத்துப் பக்கம் ஒரு கூட்டுக் குடும்பத்தில் ஒரு மாதம் தங்கியிருந்தால், நான்காவது நோக்கம் ஒன்று அவருக்குப் புலப்பட்டிருக்கும். அதை நான் ஓரகத்தி நோக்கம் என்று பெயரிட்டு வழங்குகிறேன். கொழுந்தன் கைமாற்றுக் கேட்டு வரும்போதும், ஓரகத்தி வளையலை அடகிலிருந்து மீட்க உதவி கேட்டு வரும்போதும், "இல்லை" என்று முகம் கோணாமல் சொல்வதற்கு, பணம் இருக்க வேண்டியது அவசியம். இல்லாதவன் சொல்லும் "இல்லை"யில் ஒரு நடுக்கம் இருக்கும்.

இங்கேதான் நம் ஆராய்ச்சியின் மையத்துக்கு வருகிறோம். செல்வம் சேர்வதற்குக் காரணம் உழைப்பு என்பார் உண்டு, சிக்கனம் என்பார் உண்டு, ஜாதகத்தில் இரண்டாம் இடம் என்பாரும் உண்டு. என் முடிபு வேறு. இருப்பதை இல்லையென்று பிறரிடம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தானே அதை நம்பிவிடும் மனோபாவமே மூலகாரணம். தன்னிடம் ஐயாயிரம் ரூபாய் இருப்பதை இடைவிடாமல் ஞாபகத்தில் வைத்திருப்பவன் ஐயாயிரத்துக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கிறான். அது இல்லையென்று மனப்பூர்வமாக நம்பும் அவன் மனைவி, அடுத்த மாதம் அதை ஐயாயிரத்து நானூறு ஆக்குகிறாள். ஆண்மக்களின் சேமிப்பு முறையை இதனோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். ஜனவரி முதல் தேதி புது டைரியில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று கோடு கிழித்து, வெற்றிலை பாக்கு உட்பட எழுதத் தொடங்கும் குடும்பத் தலைவன், பொங்கல் கழிவதற்குள் "இதரச் செலவு" என்னும் தலைப்பைக் கண்டுபிடிக்கிறான். மாசி மாதத்தில் அந்த ஒரு தலைப்பே எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது. பங்குனியில் டைரியில் சலவைக் கணக்கு இருக்கிறது.

"இல்லை"யின் பேதங்கள் பல. "ஏது பணம்?" என்று திருப்பிக் கேட்பது சாமானியம். "நீங்க கொடுத்தாத்தானே இருக்கும்" என்பது சற்று உயர்ந்தது. கேட்டவனைக் குற்றவாளியாக்கி வாயடைக்கும் நன்மை அதில் உண்டு. பரம உத்தமமான வகையோ "இருங்க, எதிர்வீட்டு அக்காகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்பது. பிள்ளையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குக் கடைசித் தேதி வந்து, கணவன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் வேளையில், இவ்வாறு சொல்லிவிட்டுக் கொல்லைப்புறமாக வெளியேறும் தலைவி, கிணற்றடியில் சிறிது நேரம் நின்று, எதிர்வீட்டுக்குப் போய்வரும் அளவு காலம் கழிந்ததும் திரும்பி வந்து, ஆயிரம் ரூபாயை நீட்டி, "நூத்துக்கு ரெண்டு வட்டியாம், மாசம் பொறந்தா வட்டி கரெக்டா கேப்பாங்க" என்கிறாள். எதிர்வீட்டு அக்காவுக்கு இவ்விஷயம் எதுவும் தெரியாது. கணவன் மாதந்தோறும் இருபது ரூபாய் வட்டியைத் தன் மனைவியிடமே கொடுத்தனுப்புகிறான். எதிர்வீட்டு அக்காவைத் தெருவில் கண்டால் கூச்சத்தோடு ஒதுங்கிப் போகிறான். அவளோ இவர் ஏன் இப்படி ஒதுங்குகிறார் என்று திகைக்கிறாள். நூற்றுக்கு இரண்டு வட்டியை மாதாமாதம் முதலோடு சேர்த்துக்கொண்டே போனால் மூன்றாண்டில் முதல் இரட்டிக்கும். மனைவியிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் கணவன் அபூர்வம்; அயலாரிடம் வாங்கியதைக் கொடுக்காமல் தூங்கும் கணவனும் அபூர்வம். இவ்விரண்டு அபூர்வங்களையும் பொருத்தி ஒரு நிதி ஸ்தாபனத்தை நடத்திய புத்தியை எந்தச் சர்வகலாசாலை கற்றுக்கொடுத்தது?

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். தன் தம்பிக்கு "இல்லை" என்று சொன்ன சிறுவாடு இன்றளவும் கண்டுபிடிக்கப்படவில்லை.

டப்பா நிறைந்தபின் சிறுவாடு சீட்டாக மாறும். இருபது பேர் மாதம் ஆயிரம் ரூபாய் கட்டும் ஏலச்சீட்டில், அவசரக்காரர் ஒருவர் நாலாயிரம் தள்ளிப் பதினாறாயிரத்துக்குச் சீட்டை எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுப் பிடிப்பவருக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் ஆயிரம் போக, எஞ்சிய மூவாயிரம் இருபது பேருக்கும் நூற்றைம்பதாகப் பிரிந்து, அந்த மாதம் கட்ட வேண்டியது எண்ணூற்றைம்பதாகக் குறைகிறது. அவசரக்காரர்கள் வரிசையாக எடுத்து முடிக்கும்வரை வாய் திறவாமல் உட்கார்ந்திருந்து, கடைசிச் சீட்டைத் தள்ளாமல் எடுப்பவளே சிறுவாட்டுக்காரி. அந்தப் பணம் அப்புறம் கால் சவரன், அரைச் சவரனாக மூக்குத்தியிலும் தோட்டிலும் போய் ஒளியும். 1963-இல் பதினாலு காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்று சர்க்கார் தடுத்தபோதும், 1968-இன் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் கட்டித் தங்கத்தைத் தனியார் வைத்துக்கொள்வதைத் தடுத்தபோதும், 1990-இல் அச்சட்டமே நீக்கப்பட்டபோதும் இவள் தன் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

இதற்குப் பூர்வபக்ஷம் ஒன்று உண்டு: கணவனுக்குத் தெரியாமல் பொருள் சேர்ப்பது தர்மமாகுமா? சாஸ்திரங்கள் ஸ்திரீதனம் என்று ஒன்றை அங்கீகரித்திருக்கின்றன. பஞ்சம், தர்ம காரியம், நோய், சிறைப்படுதல் ஆகிய நான்கு நெருக்கடிகளில் மனைவியின் தனத்தை எடுத்த கணவன் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்று யாக்ஞவல்கியர் விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார். சீட்டாட்டமும் சினிமாவும் அப்பட்டியலில் இல்லை. 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்ணின் சொத்துக்கு அவளையே முழு உரிமையாளியாக்கியது. அதற்குமுன் நிலத்திலும் வீட்டிலும் அவளுக்கு இருந்த உரிமை மிகச் சுருங்கியது. சம்பளம் ஒருவர் பெயரில், வீட்டுப் பத்திரம் அவர் தகப்பனார் பெயரில், ரேஷன் கார்டிலும் தலைவர் அவரே என்றிருந்த வீட்டில், இவள் பெயரில் இருந்த ஒரே ஆஸ்தி பெயர் எழுதப்படாத அந்த டப்பாதான். இதைத் திருட்டு என்பார் முதலில் மற்ற ஆஸ்திகளின் பெயரை மாற்றிவிட்டு வந்து பேசட்டும்.

இச்சாஸ்திரத்துக்கு நேர்ந்த பெருவிபத்து 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு நேர்ந்தது. ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் நள்ளிரவுமுதல் செல்லா என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்ததும், கணவன்மார்கள் "நமக்கென்ன, நம்மிடம் ஏது?" என்று நிம்மதியாகக் கால் நீட்டிக்கொண்டார்கள். மறுநாள் விடிவதற்குள் பல வீடுகளில், மனைவியர் மிகுந்த சங்கோசத்தோடு வந்து, எட்டாக மடிந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கூடவே வாழ்ந்தவன் தன் வீட்டின் உண்மையான பொருளாதார நிலையை அன்றுதான் முதன்முதலாக அறிந்தான். இரண்டரை லட்சம் வரை போட்டால் கேள்வி இல்லை என்று சர்க்கார் சொல்லிற்று. கணவன் அப்படிச் சொல்லவில்லை.

அந்த விபத்திலிருந்து சிறுவாடு மீண்டுவிட்டது. அதனினும் கொடிய சத்துரு, அதே ஆண்டு ஏப்ரலில் ஓசையின்றிப் பிறந்த யூபிஐ. காய்கறிக்காரியோடு பேரம் பேசி மீதம் பிடித்த எட்டு ரூபாயும் பத்து ரூபாயுமே சிறுவாட்டின் ஊற்று. நாளொன்றுக்கு ஓர் அணா ஒதுக்கிய பாட்டிக்கு ஆண்டு முடிவில் 22 ரூபாய் 13 அணா சேர்ந்ததென்றால், நாளொன்றுக்குப் பத்து ரூபாய் ஒதுக்கும் பேத்திக்கு 3,650 சேர வேண்டும். ஆனால் கியூஆர் அட்டையைக் காட்டி நாற்பத்திரண்டு என்றால் நாற்பத்திரண்டே செலுத்தப்படுகிறது. சில்லறை என்ற ஒன்றே பிறப்பதில்லை. போதாக்குறைக்கு, ஆபீசில் இருக்கும் கணவனின் கைபேசி உடனே மணியடித்து அவனுக்குக் கீரைக்கட்டின் விலையைத் தெரிவிக்கிறது. தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயை நேரே பெண்ணின் வங்கிக் கணக்கில் சேர்ப்பது பெரிய காரியந்தான். ஆயினும் தொகையும் தேதியும் தெருவுக்கே தெரிந்திருப்பதால், முன்னே வகுத்த இலக்கணப்படி அதைச் சிறுவாடு என்று கொள்வதற்கில்லை.

இந்நிலையில் சாஸ்திரம் அழிந்துபடுமோ என்று கவலையுற்று, எங்கள் தெருவில் இத்துறையில் தேர்ந்தவர் என்று பெயர் பெற்ற ஓர் அம்மாளை அணுகினேன். அவர் முறத்தை விட்டுக் கையெடுக்காமலே விளக்கினார்: மளிகைக் கடையில் நானூறு ரூபாய்க்குச் சாமான் வாங்குவது, ஐந்நூறு என்று கைபேசியில் செலுத்துவது, மீதி நூறைக் கடைக்காரரிடம் ரொக்கமாக வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வது, கணவரின் கைபேசியில் ஐந்நூறு என்றே மணி அடிக்கும். "விலைவாசி அப்படி இருக்குன்னு அவரே எங்கிட்ட வந்து வருத்தப்படுறாரு, தம்பி" என்றார். இந்த உபகாரத்துக்கு மளிகைக்காரர் நூற்றுக்கு எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்று கேட்டபோது மட்டும், அடுப்பில் ஏதோ கருகுவதாகச் சொல்லி உள்ளே போய்விட்டார்.